கடைசிப் பெயர்

டப்பஹானாக் நீதிமன்றத்தின் ஆவண அறையில்
பேனாவுக்கு அனுமதி இல்லை.
பென்சில் நான் தருவேன்.
வியாழன்தோறும் லவீனியா பெர்ரிமன் வருவார்.
முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
நாற்காலியைக்கூட முன்னும் பின்னும் தள்ளி,
கண்ணாடியைத் தேடுவதுபோல் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான்
உட்காருவார்.

எச்சில் அனுப்பிப் பார்த்தாராம்.
நைஜீரியா இத்தனை, ஸ்காட்லாந்து இத்தனை என்று
வந்த தாளில் கடைசி வரி:
தென்னிந்தியா, ஒரு சதவீதம்.
குழாய் மாறிப்போச்சு என்று
கம்பெனிக்குப் புகார் எழுதினார்.
பதில் வராத கோபத்தில்
ரிவர்ஸ் கியர் போட்டவர்
முந்நூறு வருஷத்துக்கு நிறுத்தவே இல்லை.

மார்ச், மழை.
1713இன் சொத்துப் பட்டியல் ஒன்று.
செத்துப்போன எஜமானின் வீட்டை
அறை அறையாக எண்ணியிருக்கிறார்கள்:
இறகு மெத்தை ஒன்று, பழசு.
கறவை மாடு இரண்டு.
கைப்பிடி இல்லாத வாணலி.
டாம் பெர்ரிமால், கிழக்கிந்தியன்,
நாலு வருஷ ஊழியம் பாக்கி,
புகையிலைக் கணக்கில் இரண்டாயிரம் ராத்தல்.
மெத்தையின் விலை அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

தாளில் படாமல்
வரிக்கு மேலே விரலைப் பிடித்திருந்தார் லவீனியா.
"எழுத்துப் பிழை" என்றார்.
நான் பேசாமல் இருந்திருக்கலாம்.
ஊழியர்கள் ஊகம் சொல்லக் கூடாது,
சுவரில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டியது நான்.

"பெருமாள்" என்றேன்.
கடைசி எழுத்துக்கு நாக்கை மடிக்கச் சொன்னேன்.
மடித்தார்.
பெருமாளும் இல்லை, பெர்ரிமனும் இல்லை,
வேறேதோ வந்தது.
அன்றைய எழுத்தர் காதில் விழுந்ததும்
அதுவாகவே இருக்கலாம்.

அடுத்த பதிவேட்டில் அவனே வழக்காடுகிறான்:
கப்பலில் ஏழு வருஷம் என்றுதான் சொன்னார்கள்,
பதினொன்று ஆகிவிட்டது, கனம் கோர்ட்டார் அவர்களே.
தீர்ப்பிருந்த மூலையை எலி தின்றிருக்கிறது,
பிறைபோல.
ஆனால் முப்பது வருஷம் கழித்து
ஒரு பெர்ரிமன், கலப்பினத்தான்,
சொந்தக் குதிரை இரண்டுக்கு வரி கட்டுகிறான்.
எலியைக் கேட்காமலே தீர்ப்பு தெரிந்தது.

சந்தோஷத்தில் என் அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்:
"மிஸ் ஆவுடையப்பன்,
உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?"

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
அது என் அப்பா.
தூத்துக்குடியில் உப்பளக் கணக்கர்.
விமானமே ஏறாதவர்.
ஓர் எழுத்தாக என் முன்னால் நின்றவரை
விசா படிவத்தின் கடைசிக் கட்டத்துக்காக
முழுசாக இழுத்துப் பின்னால் நிறுத்தினேன்.
பல் டாக்டர் இங்கே கூப்பிடுவது அவரை.
மின்கட்டணம் அவருக்குத்தான் பாக்கி.

சொல்லும்போதே எனக்கு உறைத்தது.
லவீனியாவுக்கும்.
பிரேக்கை மிதித்த மாதிரி
அவர் வலது கால் தரையில் ஊன்றியது.

"அப்படியானால், பெருமாள்?"

இருக்கலாம்.
யார் நீ என்று கேட்டிருப்பார்கள்.
பெருமாள் மகன் என்று அவன் ஆரம்பித்திருப்பான்,
எங்கள் ஆட்கள் ஆரம்பிக்கிறபடி.
முதல் சொல் கிடைத்ததும்
எழுத்தர் மை தொட்டிருப்பார்,
அவ்வளவுதான்.
டாம் எஜமான் வைத்தது.
மற்றது கடலே தாண்டாத ஓர் ஆளுடையது.

"இவன் பெயர் என்ன பிறகு?"

தெரியாது.
முழுக்கவும் தப்பாக இருக்கலாம்,
வெள்ளைக்காரப் பெர்ரிமன்களும் உண்டு,
தேவாலயத்துக்குப் பின்னாலேயே மூன்று கல்லறைகள்.

அவர் வம்சத் தாளை விரித்தார்.
உச்சிக் கட்டத்தில் எழுதியிருந்ததை அழித்தார்.
அதற்கும் மேலே, கட்டமே இல்லாத வெள்ளையில்
கைநடுக்கத்தோடு ஒரு கட்டம் போட்டு
பெருமாள் என்று, கேள்விக்குறியோடு.
குடும்பம் ஒரு தலைமுறை ஏறியது.
கீழே, கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு
வெறும் சதுரம்.

நாலரைக்குப் பூட்ட வேண்டும்.
அழிப்பான் துகளை உள்ளங்கையில் வழித்துக்கொண்டு
கேட்டார்: "அடுத்த வியாழன் திறந்திருக்குமா?"
விடுமுறை என்றேன்.
அதற்கடுத்த வாரம்.